அண்ணி பிரிக்காத பெட்டிகள்

எங்கள் அண்ணியைப் போல முகம் மாறாமல் பொய் சொல்ல எங்கள் குடும்பத்தில் வேறு ஆள் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். லீவு வேண்டுமென்றால் இல்லாத பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பார். அந்தப் பெரியம்மா இதுவரை பல தடவை பிழைத்து வந்திருக்கிறார். வாடகை தள்ளிப்போனால் அண்ணனுக்கு இன்னும் சம்பளம் போடவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்வார். அந்தச் சம்பளம் அதற்குள் பாதி கரைந்திருக்கும். பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் வியர்க்கும்.

அண்ணிக்கு ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில் வேலை. தரைக்குக் கீழே இருக்கிற தளம், ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. நாள் முழுக்க நீராவி இஸ்திரிப் பெட்டியோடு நிற்க வேண்டும். விருந்தாளிகளின் சட்டை, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு என்று மலை மலையாக வரும். வீட்டுக்கு வரும்போது கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்திருக்கும். வந்ததும் பையைக்கூட இறக்காமல் நேராக மொட்டை மாடிக்குப் போய்க் காற்றில் நிற்பார். அதற்குப் பிறகுதான் அவரிடம் யாரும் பேசலாம். முன்னால் வாயைத் திறந்தவன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணன் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறார். வாயைத் திறந்தால் வரி கட்ட வேண்டும் என்பது போல வாழ்கிற மனிதர். நான் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் ஆகவில்லை, ஆகும் என்று சொல்வதையும் உறவுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். இரண்டு அறை வாடகை வீட்டில் மூன்று பேர். எனக்கு ஹால். ஹால் என்றால், பெட்டிகள் போக மிச்சமிருந்த இடம்.

பெட்டிகள் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் வராத வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனும் அண்ணியும் சேமிப்பையெல்லாம் போட்டு, கடனும் வாங்கி, ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் வீடு பதிவு செய்திருந்தார்கள். ஆறாவது மாடி. விளம்பரத் தாளில் எல்லா அறைக்கும் ஜன்னல், ஹாலுக்கு வெளியே ஒரு பால்கனி. அண்ணி அந்தப் பால்கனியைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். லீவு நாளில் மூன்று பேரும் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்போம். கட்டடம் நான்காவது மாடி வரை மளமளவென்று வளர்ந்தது, அப்புறம் நின்றது. எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஆகாயம் இருந்தது. அண்ணி அண்ணாந்து அந்த இடத்தைக் கையால் காட்டி, "அதோ அங்கதான் நம்ம ஹால்" என்பார். நான் லிஃப்டுக்காக விட்டிருந்த ஓட்டையை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அதில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

கட்டடம் நின்றாலும் அண்ணி நிற்கவில்லை. லாண்டரியில் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் எல்லோரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து தள்ளுபடி பார்ப்பார்களாம். மற்றவர்கள் செருப்பு, நைட்டி என்று வாங்கும்போது அண்ணி வீட்டுக்கு வாங்கினார். ஹாலில் தொங்கவிடக் கண்ணாடிக் கிண்ணங்கள் வைத்த விளக்கு. சமையலறைக்கு ஸ்டீல் சிங்க். குளியலறைக்கு ஷவர், சுவர்க் கண்ணாடி. திரைச்சீலைக் கம்பிகள், அழைப்பு மணி. ஒவ்வொன்றையும் விளம்பரத் தாளில் இருந்த அளவோடு ஒப்பிட்டு, மாதக்கணக்கில் விலை இறங்கக் காத்திருந்து, இறங்கிய நிமிடத்தில் வாங்குவார். பெட்டி வரும். முகவரியைப் பார்ப்பார், காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார், ஹாலில் அடுக்கிவிடுவார். பிரிக்க மாட்டார். பிரிக்கவும் விடமாட்டார்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர்கள் லாண்டரியில் துணியைத் தேய்த்து மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது. உறையை விருந்தாளிதான் பிரிக்க வேண்டும். நடுவில் யாராவது பிரித்துவிட்டால், துணி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது அழுக்குத் துணி. மறுபடி தண்ணீருக்குள் போய்த்தான் வர வேண்டும். அந்தச் சட்டத்தை அண்ணி வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"உள்ள சரியான பொருள்தான் இருக்கான்னு ஒரு தடவை பாத்துடலாமே அண்ணி" என்று நான் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன்.

"இங்க பிரிச்சா இந்த வீட்டுப் பொருள் ஆயிடும் தம்பி. புது வீட்ல போய் பழைய பொருளையா மாட்டுறது?"

"உடைஞ்சிருந்தா?"

"அதான் ஆட்டிப் பாத்தேன்ல, சத்தமே வரல."

இதற்கு மேல் பேசினால் எனக்கு டீ கிடைக்காது. நான் சிங்க்குக்கும் ஷவருக்கும் நடுவில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன்.

போன வருடக் கடைசியில் பணம் கட்டிய எல்லோரையும் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வக்கீல் மைக்கைப் பிடித்து, கட்டடக்காரர் கம்பி நீட்டிவிட்டார், இனி வீடு கிடையாது, நிலத்தை விற்ற பிறகு ஏதாவது தேறினால் கொடுப்பார்கள், அதற்கும் காலம் ஆகும் என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. கூட்டம் கத்தியது. ஒருத்தர் நாற்காலியைத் தூக்கினார். அண்ணி மட்டும் கையில் இருந்த விளம்பரத் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அந்த வக்கீலின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. அவர் என்ன செய்வார், பாவம், அவருக்கும் அதில் ஒரு வீடு போயிருந்தது.

பட்ட காலிலேயே இன்னொரு அடி. எங்கள் வாடகை வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறார், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றார். அலைந்து திரிந்ததில் இரண்டு வீடுகள் கிடைத்தன. ஒன்று அடுத்த தெருவில். எல்லா அறைக்கும் ஜன்னல், சமையலறை ஜன்னலைத் திறந்தால் காற்று ஆளைத் தள்ளுகிறது. அண்ணி அந்த ஜன்னல் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. வீட்டுக்கார அம்மா, "குழாயைத் திறந்து பாக்கலையாம்மா?" என்று கேட்டபோதும் நகரவில்லை. இன்னொன்று சந்துக்குள் பின்கட்டு. அதிலும் ஒரு ஜன்னல் உண்டு, திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். ஜன்னல் வீட்டுக்கு அட்வான்ஸ் ஜாஸ்தி. கையில் இருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டும் ஒரு தொகை இடித்தது. வீட்டுக்கார அம்மா மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார்.

இடிக்கிற தொகை எவ்வளவோ, பெட்டிகளின் விலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதை முதலில் கண்டுபிடித்தவர் அண்ணி.

"எல்லாம் அப்படியே சீல் பிரிக்காம இருக்கு தம்பி. கடைல திருப்பிக் குடுத்தா வாங்கிப்பாங்கல்ல?"

"நாலு வருஷம் கழிச்சா? கடைக்காரன் சிரிப்பான் அண்ணி."

"பிரிக்காத பொருளுக்கு ஏது வயசு?" என்றார். லாண்டரிச் சட்டப்படி இது சரிதான். உலகம் லாண்டரியாக இல்லை.

அடுத்த தெருப் பழைய சாமான் கடைக்காரரை நான்தான் கூட்டி வந்தேன். அவர் பெட்டிகளைச் சுற்றி வந்தார், ஒன்றைத் தட்டிப் பார்த்தார். "பிரிக்கவே இல்லைன்னா உள்ள என்ன இருக்குன்னு நான் எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டு ஒரு தொகை சொன்னார். அதில் பெட்டிகளை அவர் கடைக்கு ஏற்றிப் போகிற வண்டி வாடகைதான் வரும். அண்ணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பாத்துப் போங்க, படி வழுக்கும்" என்றார். படி காய்ந்துதான் இருந்தது.

ஆக, ரீஃபண்ட் வாங்குகிற வேலை என் தலையில் விழுந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் "பதட்டப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு" என்று சொல்லிச் சம்பாதிக்கிறவன் நான். அப்படிச் சொல்லும்போது உள்ளே இருக்கிறவர்கள் ஏன் அந்தக் கெட்ட வார்த்தையெல்லாம் பேசுகிறார்கள் என்பது இந்த மாதம்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் ஆப். அண்ணி வாங்கிய கடையை இதற்குள் வேறொரு பெரிய கடை விழுங்கியிருந்தது. பழைய ஆர்டர்கள் புது ஆப்பில் தெரியவில்லை. எங்கேயோ ஒரு மூலையில் ஒரு பட்டனை அழுத்தினால் வருடவாரியாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'திருப்பி அனுப்ப' என்று சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தது. அழுத்தினால் அழுந்தாது. அழுந்தாத பட்டனை எதற்கு வைத்திருக்கிறார்கள்? நான் ஒரு லிஃப்டில் அப்படி ஒரு பட்டன் வைத்தால் என்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள்.

அடுத்தது சாட். 'வணக்கம்! உங்களுக்கு உதவக் காத்திருக்கிறேன்' என்று ஒரு சிரிக்கிற பொம்மை வரும். விஷயத்தை எழுதினால், 'உங்கள் சிரமம் புரிகிறது. இந்தப் பொருளைத் திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது. வேறு உதவி வேண்டுமா?' என்று கேட்கும். ஆம் என்று சொன்னால் மறுபடி 'வணக்கம்!' என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான் போனைப் பாயில் எறிந்தேன். அண்ணன் எடுத்துத் துடைத்து என்னிடமே கொடுத்தார். பேசாத மனிதர்களிடம் இதுதான் எனக்குப் பிடிக்காதது, சண்டை போடக்கூட ஆள் ஆகமாட்டார்கள்.

மனிதக் குரலைப் பிடிக்கிற வித்தையைப் பிறகு கற்றுக்கொண்டேன். எதை அழுத்தச் சொன்னாலும் அழுத்தாமல் மௌனமாக இருந்தால், இயந்திரம் வெறுத்துப்போய் ஆளிடம் கொடுத்துவிடும். ஆனால் கிடைக்கிற ஆள் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். ஒவ்வொருவரிடமும் விளம்பரத் தாள், ஆகாயம், வக்கீல் எல்லாவற்றையும் புதிதாகச் சொல்ல வேண்டும். நான் ஆகாயத்துக்கு வரும்போதே குரல் உயர்ந்துவிடும். அதனால் பேசுகிற பொறுப்பை அண்ணி எடுத்துக்கொண்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஏன் மேடம் வந்தப்பவே பிரிச்சுப் பாக்கல?"

அண்ணி அசரவில்லை. ஒருவரிடம், ஆறு மாதம் படுத்த படுக்கையாக இருந்தேன் என்றார். அந்தப் பையன் உருகிப்போய் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான், பணம் மட்டும் தர முடியாது என்றான். இன்னொருவரிடம் எல்லாம் தங்கை கல்யாணத்துக்கு வாங்கியது, கல்யாணம் நின்றுபோச்சு என்று தழுதழுத்தார். அண்ணிக்குத் தங்கை கிடையாது. மூன்றாவதாக ஒரு பெண், 'உங்கள் மனவருத்தத்துக்காக' என்று ஒரு கூப்பன் அனுப்பினாள். அடுத்து ஏதாவது வாங்கினால் கொஞ்சம் குறைப்பார்களாம். இருக்கிற பெட்டிக்கே படுக்க இடமில்லை, இதில் இன்னொன்று வாங்க வேண்டுமாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அண்ணி கூப்பனை எதற்கும் இருக்கட்டும் என்று லாண்டரித் தோழிக்கு அனுப்பிவைத்தார்.

நாட்கள் ஓடின. ஜன்னல் வீட்டுக்கார அம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டார். இரண்டு தடவையும் அண்ணி, பணம் பேங்க்கில் வந்துவிட்டது, செக் மாறத்தான் நேரமாகிறது என்றார்.

கடைசியில்தான் வேறொரு பெண் கிடைத்தாள். குரலில் தூக்கம் இருந்தது, ஆனால் கேட்டாள். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவளிடம் என்ன தோன்றியதோ, பெரியம்மா, தங்கை எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணி நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"நல்லா இருக்கற பொருளுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது மேடம்" என்றாள் அவள். "ஆனா சீல் பிரிக்காத பெட்டின்னு சொல்றீங்க. பிரிச்சுப் பாருங்க. உள்ள உடைஞ்சு வந்திருந்தாலோ, மாத்தி அனுப்பியிருந்தாலோ அது எங்க தப்பு. பெட்டியோட சேத்து போட்டோ அனுப்புங்க, மேல பேசி வாங்கித் தரேன். ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடறேன்."

போனை வைத்த பிறகு அண்ணி பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிக்கணுமா?" என்றார்.

"பிரிச்சாதான் அண்ணி ஜன்னல் வீடு."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அண்ணி தரையைத் துடைத்து, லாண்டரியில் கழித்துக் கொடுத்த ஒரு வெள்ளை விரிப்பை விரித்தார். கத்தியை என்னிடம் தராமல் தானே எடுத்துக்கொண்டார். நான் போட்டோ எடுக்கத் தயாராக நின்றேன். அண்ணன் கதவோரம் உட்கார்ந்தார். வாழ்க்கையில் இப்படி ஒரு வேண்டுதலை நான் கேள்விப்பட்டதில்லை, மூன்று பேரும் வாங்கிய பொருள் உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் செங்கல்லுக்கு ஆசைப்பட்டேன். பெட்டிக்குள் செங்கல் வைத்து அனுப்புகிறார்கள் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அந்தத் திருடர்களில் ஒருவனாவது எங்கள் பெட்டியைத் தொட்டிருக்கக்கூடாதா?

முதலில் சிங்க். தெர்மோகோல் அட்டைக்குள்ளிருந்து முகம் பார்க்கிற மாதிரி வந்தது. ஒரு கீறல் இல்லை.

"நல்லா இருக்கு" என்றார் அண்ணி, கெட்ட செய்தி சொல்கிற குரலில்.

ஷவர் வந்தது. நான் அதைத் திருகிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தேன். என் தொழில் புத்தியெல்லாம் போட்டும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. திரைக் கம்பிகள் நேராக இருந்தன. திருகாணி ஒன்றாவது குறையும் என்று பார்த்தால், ஒன்று அதிகமாகவே போட்டு அனுப்பியிருந்தார்கள். அழைப்பு மணியை அண்ணன் வாங்கிப் பொத்தானை அழுத்தினார். உள்ளேயே மின்கலம் போட்டிருந்தார்கள் போல, அது குருவி மாதிரி கூவியது. அண்ணன் திடுக்கிட்டு மறுபடி அழுத்தினார்.

"உங்களுக்கு இப்ப அது ரொம்ப அவசியமா?" என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் இன்னொரு தடவை அழுத்தினார்.

ஹால் விளக்குதான் இருப்பதிலேயே விலை கூடியது. கண்ணாடிக் கிண்ணங்கள், நான்கு வருடம் கிடந்திருக்கிறது, நானே எத்தனை நாள் தூக்கத்தில் காலால் உதைத்திருப்பேன். இதுவாவது போயிருக்கும் என்று முழுசாக நம்பினேன். அண்ணி ஒவ்வொரு கிண்ணமாகத் தாளைப் பிரித்து வெள்ளை விரிப்பின் மேல் வைத்தார். எல்லாம் முழுசு. வாசலிலிருந்து வந்த வெளிச்சம் கிண்ணங்களில் பட்டுச் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது. அண்ணி எண்ணிப் பார்க்காமல், ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபடி அப்படியே இருந்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். அந்த நேரத்தில் அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

"படத்துல பாத்ததைவிட நல்லா இருக்குல்ல?" என்றார்.

"இருந்து என்ன அண்ணி? இப்ப நல்லா இருக்கறதுதானே பிரச்னை."

கடைசியாகச் சுவர்க் கண்ணாடி. அதில் குறுக்காக ஒரு விரிசல், மூலைக்கு மூலை. பின்பக்கத் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் ஆட்டும்போது சத்தம் வரவில்லை. நான் கைதட்டிவிட்டேன். அண்ணன்கூடச் சிரித்தார். போட்டோ எடுத்து அனுப்பினேன். கண்ணாடிதான் இருப்பதிலேயே விலை குறைந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது.

சொன்னபடியே அந்தப் பெண் கூப்பிட்டாள். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், கண்ணாடி போட்டோ பாத்தேன். ரீஃபண்ட் போட்டுட்டேன், மூணு நாள்ல வந்துடும்."

இத்தனை நாள் கரடியாகக் கத்தியும் அசையாதது ஒரு விரிசலைப் பார்த்ததும் அசைந்துவிட்டது.

"ரொம்ப நன்றிம்மா."

"மத்த பெட்டியெல்லாம் பிரிச்சுட்டீங்களா?" அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "இந்த மாதிரி பழைய ஆர்டருக்கு எனக்கு இன்னைக்கு மட்டும்தான் அனுமதி குடுத்திருக்காங்க மேடம். வேற எது உடைஞ்சிருந்தாலும் இப்பவே சொல்லுங்க, இதே புகார்ல சேத்து முடிச்சுடறேன். போட்டோ மட்டும் போதும். பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டாம்."

அவள் என்ன சொல்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது, அண்ணனுக்கும் புரிந்தது. நல்ல மனசு, தன்னால் முடிந்தவரைக்கும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் ஓசைப்படாமல் என் பையைத் திறந்து சுத்தியலை எடுத்தேன். ஒரு கிண்ணத்தில் ஒரு தட்டு, சிங்க்கின் அடியில் ஒரு தட்டு, ஷவரின் கழுத்தில் ஒரு தட்டு. இரண்டு நிமிட வேலை. ஜன்னல் வீடு எங்களுடையது. நான் விளக்கின் பக்கத்தில் மண்டியிட்டு அண்ணியைப் பார்த்தேன். அண்ணன் தலையை அசைத்தார்.

"சொல்லிடு" என்றார், உதடு மட்டும் அசைய.

அண்ணி என் சுத்தியலைப் பார்த்தார். விரிப்பின் மேல் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பொய்க்கு அவரிடம் பஞ்சமா? ஒரே ஒரு வார்த்தைதான் தேவை. வாயைத் திறந்தார், மூடினார்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. வேற எதுவும் உடையல."

"நல்லாப் பாத்துட்டு சொல்லுங்க மேடம். அவசரம் இல்ல."

"பாத்துட்டேன்மா. எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு."

அந்தப் பெண், "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன அண்ணி பண்ணிட்டீங்க? கைக்கு வந்ததை விட்டுட்டீங்களே! ஊர்ல இருக்கறவன்கிட்டயெல்லாம் வாய் கூசாம பொய் சொல்றீங்க, இன்னைக்குப் பாத்தா உங்களுக்கு நேர்மை வரணும்?"

"நேர்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல." என்றார் அண்ணி. "அந்த ஆறாவது மாடி வீட்ல எனக்குன்னு வந்து சேந்தது இவ்வளவுதான் தம்பி. ஒண்ணுமே வரலன்னு நினைச்சேன், முழுசா வந்திருக்கு. இதையும் நானே உடைச்சுட்டு, எந்த ஜன்னல்கிட்ட போய் நிக்கச் சொல்ற?"

 

அண்ணன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்க போறீங்க?" என்றார் அண்ணி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"ஜன்னல் வீட்டு அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன். நமக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல, வேற ஆளைப் பாத்துக்கட்டும்." அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "அப்படியே சந்து வீட்டுக்கும் முன்பணம் குடுத்துடறேன்."

அவர் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அப்போது போனில் ஒரு செய்தி வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். வாய்ப்புக் கிடைத்தது என்று ஒன்றை அழுத்தப் போனேன். அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு என்ன பண்ணும், பாவம்" என்று சொல்லி ஐந்தையும் அழுத்தினார். பிறகு கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்ற ஆரம்பித்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தேன்.